கோடரித் தெருவின் சகோதரிகள்



சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று மூன்று தாள்களில் இருபுறமும் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் ஒரு தாய். பெயரையும் பங்கையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுள்ளார், அவ்வாறே செய்கிறோம். எனினும் அவர் எழுதியதைப் படிக்கும்போது, இது நம் வீட்டுக் கதையன்றோ என்று எண்ணுவோர் நம் வாசகருள் சிலரேனும் இருப்பர்.

அவருடைய மூத்த மகள் வணிகவியலில் பட்டம் பெற்றவள். வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தே ஈராண்டுகள் கழிந்தன. அந்நாள்களில் கைப்பேசியில் பார்த்து, பிரெஞ்சு நாட்டாரின் சிறிய பாதாம் பிஸ்கட்டுகளை வீட்டிலேயே சுடக் கற்றுக்கொண்டாள். முதலில் கருகியது, பிறகு ஒட்டியது, பிறகு ஒரு நாள் நன்றாக வந்தது. அண்டை வீட்டார் சுவைத்துப் பார்த்துத் தம் பிள்ளையின் பிறந்த நாளுக்கு இரண்டு டஜன் கேட்டனர். அவர்கள் வழியாக வேறு சிலரும் கேட்டனர். தந்தையார் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருக்கு இது பிடிக்கவில்லை. "உன்னைப் படிக்க வைத்தது பலகாரம் விற்கவா? நம் குடும்பத்தில் எவரும் வீட்டு வாசலில் கடை போட்டதில்லை" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அன்று முதல் தாயும் மகளும் அவர் காலைத் திருப்பலிக்குச் சென்றுவரும் நேரத்தில் அடுப்பை ஏற்றி, அவர் திரும்புமுன் சன்னல்களைத் திறந்துவைத்து வாசனையைப் போக்கிவிடுகின்றனராம். மூன்று மாதமாக இவ்வாறு நடக்கிறது. சேர்ந்த பணம் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. கடிதத்தின் இறுதியில் அத்தாய் கேட்கிறார்: "இது பாவமா சாமி? இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?"

கடிதம் வழியாகப் பாவசங்கீர்த்தனம் கேட்கத் திருச்சபை நமக்கு அனுமதி தரவில்லை. ஆகவே அந்தக் கேள்வியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் அந்தப் பிஸ்கட்டைப் பற்றிப் பேசுவோம். ஏனெனில் அதன் வரலாற்றில், இந்த வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டிய இரு பெண்மணிகள் இருக்கின்றனர்.

குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற காலத்தில் பிரெஞ்சுப் புரட்சியை நாம் விரிவாகவே படித்தோம். 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்துகள் நாட்டுடைமையாயின. 1790 பிப்ரவரியில் துறவற வார்த்தைப்பாடுகளைச் சட்டம் ஏற்க மறுத்தது. 1792 ஆகஸ்டில் வந்த ஆணை, எஞ்சியிருந்த மடங்களையும் அக்டோபர் முதல் நாளுக்குள் காலி செய்யுமாறு பணித்தது. தேர்வுக்கு இத்தேதிகளை மனப்பாடம் செய்தோமேயன்றி, அந்த அக்டோபர் முதல் நாளன்று மடத்து வாயிலைக் கடந்து தெருவில் வந்து நின்ற கன்னியர் அடுத்த வேளை எங்கே உண்டனர், எவ்வாறு உண்டனர் என்று கேட்கத் தோன்றவில்லை. ஆசிரியரும் சொல்லவில்லை.

பிரான்சு நாட்டின் வடகிழக்கில் லொரேன் பகுதியின் தலைநகராக விளங்கிய நான்சி நகரில், திவ்விய நற்கருணை ஆராதனைக்குத் தம்மை அர்ப்பணித்த பெனடிக்டின் கன்னியரின் மடம் ஒன்று இருந்தது. நம் முன்னோர் ஆசீர்வாதப்பர் என்று அழைத்த புனித பெனடிக்டின் ஒழுங்கைப் பின்பற்றியவர்கள் இவர்கள். இரவும் பகலும் முறைவைத்து நற்கருணை நாதர்முன் முழந்தாளிட்டிருப்பதே இவர்களின் முதற்பணி. அவ்வொழுங்கின்படி உடல்நலம் உள்ளோர் நாற்கால் விலங்குகளின் இறைச்சியை உண்ணலாகாது. ஆகவே முட்டையும் பருப்பு வகைகளும் மடத்துச் சமையலில் முதலிடம் பெற்றதில் வியப்பில்லை. வாதுமைப் பருப்பை, அதாவது நாம் கடையில் பாதாம் என்று கேட்டு வாங்குவதை, இடித்துச் சர்க்கரையும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுட்டெடுக்கும் மக்கரோன் என்னும் சிறு பிஸ்கட் அந்த மடத்தின் அடுக்களையில் நெடுங்காலம் செய்யப்பட்டு வந்தது.

மடம் மூடப்பட்டபோது, மார்கரீத் கயோ, எலிசபெத் மொர்லோ என்னும் இரு சகோதரிகளுக்கு அந்நகரின் மருத்துவர் ஒருவர் தம் இல்லத்தில் அடைக்கலம் தந்தார். அவ்வில்லம் இருந்த தெருவின் பெயரைத் தமிழில் சொன்னால் கோடரித் தெரு என்றாகும். எத்தனை நாள்தான் பிறர் வீட்டுச் சோற்றை உண்பது? சகோதரிகள் இருவரும் தமக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தனர். பாதாமை இடித்தனர், சுட்டனர், விற்றனர். ஊரார் அவர்களை 'மக்கரோன் சகோதரிகள்' என்றே அழைக்கத் தொடங்கினர். கேலியாக அழைத்தனரோ, அன்பாக அழைத்தனரோ, பெயர் நிலைத்துவிட்டது. 1952-ஆம் ஆண்டில் நான்சி நகராட்சி கோடரித் தெருவின் ஒரு பகுதிக்கே 'மக்கரோன் சகோதரிகள் தெரு' என்று பெயரிட்டது. அவர்களுடைய செய்முறை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இரகசியமாகக் கைமாறி வந்து, இன்றும் அந்நகரில் அப்பிஸ்கட் விற்கப்படுகிறது.

இங்கே நம் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒன்றைச் சொல்லிவிட விரும்புகிறோம். அதே 1792-இல் கொம்பியேன் நகரின் கார்மேல் மடத்திலிருந்தும் கன்னியர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பதினாறு பேர் 1794 ஜூலை 17 அன்று பாரிஸ் நகரில் கொலைக்களம் ஏறினர். பாடிக்கொண்டே ஏறினர் என்பது அனைவரும் அறிந்த வரலாறு. 2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களைப் புனிதர்களின் வரிசையில் சேர்த்தார். அவர்களைப் பற்றி நாம் மறையுரை ஆற்றுகிறோம்; ஆற்றவும் வேண்டும். ஆனால் சாகும்படி அழைக்கப்படாமல், வாழும்படி விடப்பட்டவர்களைப் பற்றி நாம் மறையுரை ஆற்றியதில்லை. நான்சி நகரின் இரு சகோதரிகளுக்குப் பீடமில்லை, திருவிழா இல்லை. ஒரு தெருவின் பெயர்தான் உண்டு. வார்த்தைப்பாடு கொடுத்தபோது அவர்கள் கேட்டது தெய்வ ஆராதனை. கிடைத்ததோ விறகடுப்பும் வாடிக்கையாளரும். அடுப்பருகே நின்றபோது அவர்களின் உள்ளம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அவர்கள் பின்பற்றிய ஒழுங்கே இதற்கு அவர்களை ஆயத்தப்படுத்தியிருந்தது என்றும் கருதுகிறோம். ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்நூலில், சோம்பல் ஆன்மாவின் பகைவன் என்றும், தம் கைகளால் உழைத்து உண்ணும்போதே துறவியர் மெய்யான துறவியர் என்றும் ஆசீர்வாதப்பர் போதிக்கிறார். ஐம்பத்தேழாம் அதிகாரம் கைத்தொழில் அறிந்த துறவியரைப் பற்றியது. அதில் அவர் கூறுவன மூன்று: தொழில் தெரிந்தவன் அதனால் செருக்குற்றால் அவனை அத்தொழிலினின்று விலக்குக, விற்பனையில் வஞ்சகம் புகாதிருக்கட்டும், உலகத்தார் விற்கும் விலையைவிடச் சற்றுக் குறைத்தே விற்கவும். மடத்துப் பொருள் கடைத்தெருவில் விற்கப்படுவதை ஆசீர்வாதப்பர் இழிவாகக் கருதவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் அஞ்சியது கர்வத்துக்கும் கள்ளத்துக்குமே.

விலையைக் குறைக்கச் சொன்னதை மட்டும் நம் வீட்டுப் பெண்கள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மடத்தில் வாடகை இல்லை, கூலி இல்லை, மணமுடிக்க வேண்டிய பிள்ளைகளும் இல்லை. வீட்டில் சுடுபவள் பாதாமின் விலையோடு மின்கட்டணத்தையும் தன் இரண்டு மணி நேரத்தையும் கணக்கில் எழுதட்டும். "நம்ம பிள்ளைதானே" என்று பாதி விலைக்குக் கேட்கும் உறவினர்களிடம் இதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டென்று எண்ணுகிறோம். நம் பங்கிலும் அப்படிப்பட்டோர் இருக்கின்றனர்.

இவ்வளவு எழுதியபின், செய்து பாராமல் பேசுவது முறையன்று என்று தோன்றியது. நமது பங்கு இல்லத்தில் ஓவன் கிடையாது. அருகிலுள்ள கன்னியர் மடத்தில் ஒன்று இருந்தது. தலைமைச் சகோதரி புன்னகையை அடக்கிக்கொண்டு இரவல் தந்தார். நம் இல்லத்துச் சமையற்காரர் நாற்பதாண்டு அனுபவம் உள்ளவர். செய்தியைக் கேட்டதும், "சாமி, இது நம்ம தூத்துக்குடி மக்ரூன்தானே, முந்திரிக்குப் பதிலாப் பாதாம்" என்றார். முற்றிலும் தவறில்லை. பெயரும் ஒன்று, பருப்பு, சர்க்கரை, வெள்ளைக்கரு என்னும் மூன்று பொருள்களின் கூட்டும் ஒன்று. ஆனால் தூத்துக்குடியில் வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, முந்திரித்தூளை அதில் கலந்து, கூம்பாக வார்த்து, மொறுமொறுப்பாகக் காய வைக்கின்றனர். நான்சி வழியில் செய்வதோ தட்டையாக, மேலே வெடிப்புகளோடு, உள்ளே மெதுவாக இருக்கும். வண்ண வண்ணமாக இரண்டை ஒட்டி நடுவில் கிரீம் வைத்து இப்போது பெரிய நகரங்களில் விற்பது வேறு. அது 20-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தார் வளர்த்த வகை. அதற்கு வேண்டிய பொறுமை நமக்கில்லை.

சகோதரிகளின் இரகசியம் நமக்குக் கிட்டாது. அவ்வழியில் வீடுகளில் செய்யப்படும் முறையை இங்கே தருகிறோம். பாதாம் 200 கிராம், சர்க்கரை 250 கிராம், மூன்று முட்டைகளின் வெள்ளைக்கரு, ஒரு சிட்டிகை உப்பு. பாதாமின்மேல் கொதிநீரை ஊற்றி இரண்டு நிமிடம் கழித்து வடித்து, விரலால் பிதுக்கினால் தோல் கழன்றுவிடும். இனிதான் நாம் பிழை செய்தோம். மேலே துடைத்துவிட்டால் போதும் என்று எண்ணி உடனே அரைத்தோம். தோலுரித்த பருப்பு உள்ளுக்குள் நீரை வைத்திருக்கும். அந்த நீர் மாவைத் தளர்த்தி, ஓவனில் முப்பது பிஸ்கட்டுகளும் ஒன்றோடொன்று கைகோத்து ஒரே தோசையாகிவிட்டன. சமையற்காரர் தட்டைப் பார்த்து, "ஈரம் காயாம எதுவும் நிக்காது சாமி" என்றதோடு நிறுத்திக்கொண்டார். பருப்பை ஒரு துணியில் பரப்பி ஓரிரவு காயவிட வேண்டும். மழைக்காலமாயின் மிகக் குறைந்த சூட்டில் ஓவனிலேயே சிறிது நேரம் நிறம் மாறாமல் உலர்த்தலாம்.

காய்ந்த பருப்பைச் சர்க்கரையில் பாதியோடு சேர்த்து மிக்சியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் பாதாம் சூடேறி எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். சர்க்கரை கூட இருப்பது அந்த எண்ணெயை ஓரளவு தாங்கிக்கொள்ளும். சல்லடையில் சலித்து, தங்கிய குருணையை மீண்டும் அரைத்து, மீதிச் சர்க்கரையையும் உப்பையும் கலந்து, வெள்ளைக்கருவைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைக. நுரைக்க அடிக்கத் தேவையில்லை. கரண்டியிலிருந்து மெல்ல நழுவி விழும் பதம் வந்தால் நிறுத்திவிடலாம், வெள்ளைக்கரு மிஞ்சினாலும் ஊற்ற வேண்டாம். முட்டைக்கு முட்டை அளவு மாறும். மாவை மூடிக் குளிர்ப்பெட்டியில் சில மணி நேரம் வைத்தால் பருப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மாவு நிற்கும்.

தட்டில் வெண்ணெய் தடவிய தாளை விரித்து, சிறு நெல்லிக்காய் அளவு உருண்டைகளை இரண்டு விரற்கிடை இடைவெளி விட்டு வைத்து, நனைத்த விரலால் ஒவ்வொன்றின் தலையையும் மெல்லத் தட்டுங்கள். மேற்புறம் ஈரமாக இருந்தால்தான் சூட்டில் அழகாக வெடிக்கும். முன்னமே சூடேற்றிய ஓவனில் 170 முதல் 180 பாகை வெப்பத்தில் பதினைந்து நிமிடம் அளவில் வெந்துவிடும். பொன்னிறம் எட்டியதும், நடுவில் தொட்டால் இன்னும் மெதுவாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது தானே இறுகும். தாளைவிட்டு வராமல் அடம்பிடித்தால், தாளோடு தூக்கி ஈரத்துணிமேல் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். நமக்கு இந்த உபாயத்தைச் சொன்னவர் தலைமைச் சகோதரி. மேற்கண்ட அளவுக்கு ஏறத்தாழ மூன்று டஜன் கிடைக்கும். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். நம் கடலோரக் காற்றில் திறந்து வைத்தால் சர்க்கரை ஈரத்தை இழுத்து, மாலைக்குள் பிசுபிசுத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. பழைய பிரெஞ்சுச் செய்முறைகளில் மணத்துக்காகச் சில கசப்புப் பாதாம்களைச் சேர்ப்பதுண்டு. கசப்புப் பாதாமில் சயனைடு நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் இருக்கிறது. எவரேனும் எங்கேனும் படித்துவிட்டு அதைத் தேடிச் செல்ல வேண்டாம். விற்பவர்கள், முட்டையும் பருப்பும் கலந்தது என்பதைப் பொட்டலத்தின்மேல் எழுதிவிட வேண்டும். ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு அது உயிர்ப்பிரச்சினை. சிறிய அளவில் வீட்டில் செய்து விற்போரும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறோம். ஐம்பத்தேழாம் அதிகாரத்தில் ஆசீர்வாதப்பர் வஞ்சகம் கூடாது என்றதன் இக்காலப் பொருள் இதுவும் சேர்ந்ததே.

இரண்டாம் முறை சுட்டவை நன்றாக வந்தன. மீந்த மூன்று மஞ்சள்கருக்களைச் சமையற்காரர் வீணாக்காமல் இரவு உணவுக்குப் பயன்படுத்திவிட்டார்.

இப்போது அத்தாயின் கேள்விக்கு வருவோம். அம்மா, உங்கள் மகள் மாவு பிசைந்ததற்கும் விற்றதற்கும் நீங்கள் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வர வேண்டியதில்லை. புனித சின்னப்பர் கொரிந்து நகரில் அக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியர் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தவர். அவர் கமாலியேலிடம் கற்ற கல்வி, உங்கள் மகளின் வணிகவியல் பட்டத்துக்குக் குறைந்ததன்று. ஆனால் மூன்று மாதம் சன்னலைத் திறந்து வாசனையைப் போக்கினீர்களே, அது உங்கள் உள்ளத்தை உறுத்துகிறதென்றால் உறுத்தட்டும். அந்த உறுத்தல் சரியானதே. கணவர் திருப்பலியில் நிற்கும் நேரமே அவரை ஏமாற்றும் நேரமாகிவிட்டதென்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதியபோது பேனா அழுந்தியிருப்பதைத் தாளின் மறுபுறத்தில் கண்டோம். உங்கள் மகளும் இதைக் கற்றுக்கொள்கிறாள். நாளை அவள் தன் இல்லத்தில் எதை எதை மறைப்பாளோ!

உங்கள் கணவரை நாம் குறைகூற மாட்டோம். ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவது எளிதன்று. அவர் கண்ட கனவில் மகள் ஒரு மேசையின் முன் அமர்ந்திருந்தாள். அடுப்பின் முன் அன்று. கனவு பொய்த்தவரிடம் பிஸ்கட் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கோபம்தான் வரும். அவர் அஞ்சுவது ஊர்ப்பேச்சுக்கு மட்டுமன்று, தாம் தோற்றுவிட்டோமோ என்று தம் உள்ளத்தில் எழும் கேள்விக்கும் அஞ்சுகிறார் என்றே தோன்றுகிறது. அதைப் பேசித் தீர்க்க வேண்டியவர் மகளல்லர், நீங்கள். சேலைகளுக்கு அடியில் இருக்கும் பணத்தையும், மகள் எழுதி வைத்திருக்கும் கணக்கேட்டையும் அவர் முன்னே வைத்துவிடுங்கள். அவள் படித்த வணிகவியல் அந்த ஏட்டில் இருக்கும். ஆசிரியராயிற்றே, கூட்டலைச் சரிபார்க்காமல் அவரால் இருக்க முடியாது. அன்றைக்கே மனம் மாறுவார் என்று நாம் வாக்களிக்க இயலாது. ஒரு வாரம் பேசாமலும் இருக்கக்கூடும். அந்த ஒரு வாரத்தை உங்கள் மூன்று மாதத்தோடு ஒப்பிட்டுத் தாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பங்கில் அடுத்த திங்கள் நாற்பத்திரண்டு குழந்தைகள் புதுநன்மை வாங்குகின்றனர். திருப்பலிக்குப்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிஸ்கட் தர விரும்புகிறோம். ஆக ஏழு டஜன். கன்னியருக்கும் பாடகர் குழுவுக்கும் சேர்த்துப் பத்து டஜனாக இருக்கட்டும். விலையை உங்கள் மகள் தன் கையால் எழுதி அனுப்பட்டும். நாம் குறைத்துக் கேட்கமாட்டோம், பாதிப் பணத்தை முன்னதாகவே அனுப்பிவிடுகிறோம். உங்கள் ஊரிலிருந்து இங்கு வரப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் ஆகும். பெட்டியைத் தந்தையாரே கொண்டுவந்து நம்மிடம் தந்தால், மதிய உணவுக்கு அவருக்கும் ஓர் இலை போடச் சொல்லியிருக்கிறோம்.